மதக் கண்ணாடியும் சினிமாப் படமும்

சினிமாப் படங்களையும் ஆவணப்படங்களையும் "கிறிஸ்தவக் கண்ணோட்டத்தோடு" பார்க்க வேண்டும் என்று கிறிஸ்தவப் பிரசாரகர்கள் பலர் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றார்கள். இதற்கென்று புத்தகம் எழுதுகின்றார்கள், வகுப்பு நடத்துகின்றார்கள், வெளிவருகின்ற படங்களையெல்லாம் தரம் பிரித்துப் பட்டியல் போடுகின்றார்கள். கேட்பதற்கு இது சாதுவான புத்திமதி போலவே தோன்றும். "எதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளாதே, யோசித்துப் பார்" என்பதுதானே இதன் கருத்து என்று சிலர் நினைக்கவும் கூடும். அதுதான் கருத்தென்றால் நமக்கு யாதொரு ஆக்ஷேபணையும் இல்லை. அந்த வேலையைத்தான் நாமும் செய்து வருகின்றோம். ஆனால் கருத்து அதுவல்ல. "யோசிக்க வேண்டியதையெல்லாம் நாங்கள் உனக்காக முன்னமே யோசித்து முடித்துவிட்டோம். அந்த முடிவோடு போய்ப் பார். அதற்கு ஒத்து வராத படமானால் பார்க்கவே போகாதே" என்பதுதான் இதன் உண்மையான கருத்தாகும். தராசைத் தூக்குவதற்கு முன்பே எடையைச் சொல்லிவிடுகிற வியாபாரியிடம் நாம் அரிசி வாங்குவோமா? மாட்டோம். அரிசி விஷயத்தில் இருக்கிற ஜாக்கிரதை அறிவு விஷயத்தில் ஏன் இருக்கக் கூடாது என்றுதான் கேட்கின்றோம்.

இந்தக் கண்ணோட்டத்தின் யோக்கியதையை அறிய வேண்டுமானால், அது அதிகாரத்தில் உட்கார்ந்திருந்த காலத்தில் என்ன செய்தது என்று பார்ப்பதே நேரான வழி. அப்படி உட்கார்ந்திருந்த தேசம் அமெரிக்கா.

1930-ம் வருஷத்தில் அமெரிக்கப் பட முதலாளிகளின் சங்கம், படம் எப்படி எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டது. அதை எழுதினவர்கள் யார்? படம் எடுக்கிறவர்களா? உபாத்தியாயர்களா? ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பின பிரதிநிதிகளா? இல்லவே இல்லை. டேனியல் லார்டு என்னும் ஏசு சபைப் பாதிரியும், மார்ட்டின் குவிக்லி என்னும் கத்தோலிக்கப் பத்திரிகை முதலாளியுமே அதை எழுதினார்கள். 1934-ல் கத்தோலிக்க பிஷப்புகள் கூடி, "கண்ணியப் படை" என்று பொருள்படும் பெயரில் ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். கோவிலில் ஜனங்களை எழுந்து நிற்கச் சொல்லி, தாங்கள் கண்டித்த படங்களுக்குப் போவதில்லை என்று பிரதிக்ஞை வாங்கினார்கள். படங்களுக்கு ஏ, பி, சி என்று தரம் போட்டார்கள். சி என்றால் கண்டனம் செய்யப்பட்ட படம். அதைப் பார்ப்பது பாவம். பிலடெல்பியா நகரத்துக் கார்டினல் டோகர்ட்டி அதற்கும் ஒரு படி மேலே போய், நல்ல படம் கெட்ட படம் என்ற வித்தியாசமே வேண்டாம், எந்தப் படத்துக்கும் போகாதீர்கள் என்று தமது மந்தைக்கு உத்தரவு போட்டார். அதே 1934-ல் ஜோசப் பிரீன் என்னும் கத்தோலிக்கரின் தலைமையில் ஒரு ஆபீசு வைக்கப்பட்டது. அந்த ஆபீசின் முத்திரையில்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். 1936-ல் போப் பதினோராம் பயஸ் ஒரு நிருபம் விட்டு, இந்தக் காரியங்களையெல்லாம் மெச்சி, மற்ற தேசத்தாரும் இவ்விதமே செய்ய வேண்டுமென்று சொன்னார்.

அந்த விதிகள் என்ன சொல்லின? மதத்தைப் பரிகாசம் செய்யக் கூடாது. பாதிரியை வில்லனாகவோ கோமாளியாகவோ காட்டக் கூடாது. மேகவியாதி சம்பந்தமான விஷயத்தைப் படத்தில் எடுக்கக் கூடாது. பிள்ளை பிறப்பதை நிழலாகக்கூடக் காட்டக் கூடாது. வேலைக்காரனைக் கோமாளியாகக் காட்டலாம், சமையற்காரியைக் கோமாளியாகக் காட்டலாம், பாதிரியை மட்டும் காட்டக் கூடாது! வியாதி வந்து ஜனங்கள் சாகலாம், அந்த வியாதி எப்படி வருகிறது என்று மட்டும் அவர்கள் தெரிந்துகொள்ளக் கூடாது!

இவைகளையெல்லாம் விட முக்கியமான விதி ஒன்று உண்டு. வெள்ளையரும் கறுப்பரும் ஆண் பெண் உறவு கொள்ளுவதாக எந்தப் படத்திலும் காட்டக் கூடாது என்பதே அது. எல்லா ஜனங்களும் ஒரே இரத்தம் என்று தங்கள் வேதம் சொல்லுவதாக நம் ஊர் மாரியம்மன் கோவில் திடலில் வந்து நின்று பேசுகிறார்களே, அவர்கள் மதத்தின் பெரியவர்கள் காவல் காத்த விதி இது! நம் நாட்டு வருணாசிரமக்காரன் கலப்பு மணம் கூடாது என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவன் மனுதர்மத்தைக் காட்டுகிறான்; இவர்கள் கண்ணியத்தைக் காட்டினார்கள். கறுப்பரைப் பற்றிய இந்தத் தடை 1956 வரையில் அந்த விதித்தொகுப்பில் இருந்தது. இந்த விதியைப் பாதிரி புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, பட முதலாளிகளின் 1927-ம் வருஷப் பட்டியலிலேயே இருந்தது என்று சமாதானம் சொல்லலாம். உண்மைதான். ஆனால் "கிறிஸ்தவக் கண்" என்று ஒன்று தனியாக இருக்குமானால், பெண்ணின் பாவாடை எத்தனை அங்குலம் ஏறியது என்று கண்டுபிடித்த அந்தக் கண்ணுக்கு, மனிதனை மனிதன் தீண்டத்தகாதவனாக்கின இந்த அயோக்கியத்தனம் மட்டும் எப்படித் தென்படாமல் போயிற்று?

இதற்கு முன்னோடியும் ஒன்று உண்டு. 1915-ல் "ஒரு தேசத்தின் பிறப்பு" என்று பொருள்படும் பெயரில் கிரிபித் என்பவர் ஒரு பெரிய படம் எடுத்தார். கறுப்பரை முகமூடி போட்டுக்கொண்டு வேட்டையாடின கூக்ளக்ஸ்கிளான் கூட்டத்தை வீரர்களாக அந்தப் படம் காட்டிற்று. அதற்கு மூலமான நாவலை எழுதின தாமஸ் டிக்ஸன் என்பவர் பாப்டிஸ்டுப் பாதிரியாயிருந்தவர். படத்தின் முடிவில் கிறிஸ்துவின் உருவமே வானத்தில் தோன்றும். அதே வருஷத்தில், முன்பு மெதடிஸ்டுப் பிரசங்கியாயிருந்த சிம்மன்ஸ் என்பவர் ஜார்ஜியா மாகாணத்து மலையொன்றின் மேல் சிலுவையைக் கொளுத்தி, செத்துக் கிடந்த அந்தக் கிளான் கூட்டத்துக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து ஆனந்தப்பட்டவர்கள் நாஸ்திகர்களா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போன ஜனங்கள்தானே!

இனி 1950-ல் நடந்ததைப் பார்ப்போம். இத்தாலி தேசத்து ரோசெல்லினி எடுத்த "அற்புதம்" என்ற சிறு படம் நியூயார்க்கில் காட்டப்பட்டது. கதை இவ்வளவுதான். ஆடு மேய்க்கிற ஏழைப் பெண் ஒருத்தி, புத்தி கொஞ்சம் மட்டு, பக்தியோ ஜாஸ்தி. வழியில் போன ஒருவனைப் புனித சூசையப்பர் என்று அவள் நம்புகிறாள். அவன் அவளுக்குக் குடிக்கக் கொடுத்து, கெடுத்துவிட்டுப் போய்விடுகிறான். அவள் கர்ப்பமாகி, அது கடவுள் கொடுத்த பிள்ளை என்கிறாள். ஊரார் சிரிக்கிறார்கள், தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்து ஊர்வலம் விட்டு அடித்துத் துரத்துகிறார்கள். யாருமற்ற இடத்தில் அவள் தனியே பிள்ளை பெறுகிறாள். மனிதத்தன்மையுள்ள எவனும் இதைப் பார்த்து என்ன கேட்பான்? "அந்தப் பெண்ணைக் கெடுத்தவன் எங்கே? அவளை அடித்த பக்தர்களுக்கு வெட்கமில்லையா?" என்று கேட்பான். ஆனால் கார்டினல் ஸ்பெல்மன் கேட்டது அதுவல்ல. தங்கள் மதம் நிந்திக்கப்பட்டதென்றார். கத்தோலிக்கர்கள் கொட்டகை வாசலில் கூடி மறியல் செய்தார்கள். 1951-ல் நியூயார்க் அதிகாரிகள் "தெய்வ நிந்தனை" என்று காரணம் காட்டி லைசென்சைப் பிடுங்கினார்கள். படத்தைக் கொண்டுவந்த ஜோசப் பர்ஸ்டின் என்ற வியாபாரி சும்மா இருந்துவிடவில்லை. சுப்ரீம் கோர்ட்டு வரையில் வழக்காடினார். 1952-ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாய், எந்த மதத்தையும் அதற்குப் பிடிக்காத அபிப்பிராயத்திலிருந்து காப்பாற்றுவது சர்க்காரின் வேலையல்ல என்று தீர்ப்புக் கொடுத்தார்கள். 1915 முதல் சினிமா வெறும் வியாபாரம், அதற்குப் பேச்சுரிமை கிடையாது என்றிருந்த சட்டமே அன்றோடு மாறிற்று. ஒரு ஏழைப் பைத்தியக்காரியின் கதைதான் அந்த விலங்கை உடைத்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் கதைப் படங்கள். ஆவணப்படத்தை மதக் கண்ணாடி என்ன பாடுபடுத்துகிறது என்பதற்கு நம் தேசத்திலேயே நடந்த சங்கதி ஒன்று உண்டு. 1969-ல் லண்டன் பி.பி.சி.க்காக மால்கம் மக்கரிட்ஜ் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து, மதர் தெரசாவைப் பற்றி ஒரு ஆவணப்படம் தயாரித்தார். காளிகட்டத்தில் சாகக் கிடப்பவர்களை வைத்திருந்த விடுதிக்குள் படம் பிடிக்க வேண்டியிருந்தது. உள்ளே வெளிச்சம் போதவில்லை. கென் மக்மில்லன் என்ற படப்பிடிப்பாளர், கோடாக் கம்பெனி அப்பொழுது புதிதாக அனுப்பியிருந்த பிலிமைப் போட்டுப் பிடித்துப் பார்த்தார். லண்டனில் கழுவிப் பார்த்தபோது படம் நல்ல வெளிச்சமாய்த் தெளிவாக இருந்தது. மக்மில்லன் கோடாக்கை மெச்ச வாயெடுக்குமுன், மக்கரிட்ஜ் இது தெய்வீக ஒளி, அற்புதம் என்று முடிவு கட்டிவிட்டார்! அதைப் பத்திரிகைக்காரர்களுக்குச் சொன்னார்; புத்தகத்திலும் எழுதினார். கோடி கோடியான ஜனங்கள் நம்பினார்கள்.

பிலிமைச் செய்தவன் மனிதன். அதற்கு இராப் பகலாய் இரசாயனம் படித்தவன் மனிதன். காமிராவைப் பிடித்தவன் மனிதன். பெயர் மட்டும் கடவுளுக்கு! அந்த விடுதியில் கிடந்தவர்களுக்கு நோவு தீர்க்கிற மருந்து சரியாகக் கொடுக்கப்பட்டதா, டாக்டர் தினமும் வந்தாரா, பிழைக்கக் கூடியவன் பிழைத்தானா என்பதுதான் அந்தப் படத்தைப் பார்க்கிறவன் கேட்க வேண்டிய கேள்வி. மதக் கண்ணாடி அந்தக் கேள்வியைக் கேட்க விடவில்லை. கூரையைப் பார்த்து ஒளி ஒளி என்று கும்பிட வைத்தது. 1994-ல் இங்கிலாந்தின் நாலாவது சானலில் கிறிஸ்டபர் ஹிச்சென்ஸ் அந்தக் கேள்விகளைக் கேட்டு வேறொரு ஆவணப்படம் காட்டினபோது, பக்தர்களுக்கு வந்தது பதில் அல்ல, கோபமே.

பணபலம் சேர்ந்துவிட்டால் இந்தக் கண்ணோட்டம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு மனிதரையே சாட்சியாக அழைக்கலாம். பில் பிரைட் என்பவர் அமெரிக்காவின் பெரிய மதப்பிரசார ஸ்தாபனம் ஒன்றின் தலைவராயிருந்தவர். லூக்காவின் சுவிசேஷத்தை வைத்து 1979-ல் வெளிவந்த "ஏசு" என்ற படம் அவருடைய முயற்சிதான். அது தமிழ் உள்பட இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாஷைகளில் பேசவைக்கப்பட்டு, படம் காட்டும் இயந்திரத்தோடு கிராமம் கிராமமாய்க் கொண்டுபோகப்பட்டது. நல்லது, தன் கொள்கையைப் படமாக எடுத்துக் காட்ட அவருக்கு உரிமை உண்டு. ஆனால் 1988-ல் ஸ்கார்செஸி என்பவர் ஏசுவையே மனித ஆசைகளோடு போராடுகிறவராக வைத்து "கிறிஸ்துவின் கடைசிச் சோதனை" என்று ஒரு படம் எடுத்தபோது, இதே பில் பிரைட் அந்தக் கம்பெனிக்கு ஒரு கோடி டாலர் வரை தருகிறேன், படத்தை என்னிடம் கொடுத்துவிடுங்கள் என்றார். எதற்கு? அழித்துவிடுவதற்கு! தன் படம் இரண்டாயிரம் பாஷையில் ஓட வேண்டும். இன்னொருவன் படம் ஒரு பாஷையிலும் இருக்கக் கூடாது. இதுதான் கண்ணோட்டமா? அந்த வருஷம் அக்டோபரில் பாரிஸ் நகரத்தில் அந்தப் படம் ஓடின கொட்டகைக்கு மத வெறியர்கள் தீ வைத்தார்கள். பத்துப் பேருக்கு மேல் காயம். சிலர் கோரமாய் வெந்தார்கள். அன்பே கடவுள் என்ற மதத்தைக் காப்பாற்ற, டிக்கெட்டு வாங்கி உட்கார்ந்திருந்தவர்களைக் கொளுத்த வேண்டியிருந்தது!

இன்னொரு வேடிக்கை. 2008-ல் பரிணாம சாஸ்திரத்துக்கு விரோதமாக "வெளியே தள்ளப்பட்டவர்கள்" என்ற பொருளில் ஒரு ஆவணப்படம் வந்தது. கடவுள் படைத்தார் என்று சொல்லுகிற பண்டிதர்களைக் கலாசாலைகள் வெளியே தள்ளுகின்றன என்பது அதன் அழுகை. வேறு தலைப்பைச் சொல்லி மையர்ஸ் என்ற உயிர்நூல் பேராசிரியரிடம் பேட்டி வாங்கி, அதை இந்தப் படத்தில் சேர்த்தார்கள். மினசோட்டாவில் படத்தை முன்கூட்டிக் காட்டினபோது அதே மையர்ஸ் பார்க்க வந்து வரிசையில் நின்றார். அவரை வெளியே தள்ளிவிட்டார்கள்! கூட வந்த டாக்கின்ஸ் என்ற பிரபல நாஸ்திகரைக் காவலாளிக்கு அடையாளம் தெரியாததால் அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இவையெல்லாம் வேடிக்கையோடு முடிந்து போகிற விஷயமானால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பாதிரியை வில்லனாகக் காட்டக் கூடாது என்று முன்னே ஒரு விதியைச் சொன்னோமே, அதை மறுபடியும் நினைவுக்குக் கொண்டு வாருங்கள். அந்த விதி நடந்துகொண்டிருந்த 1950-ல் மில்வாக்கி நகரத்துக்குப் பக்கத்தில் கத்தோலிக்கர் நடத்தின செவிட்டூமைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் லாரன்ஸ் மர்பி என்ற பாதிரி வேலைக்கு வந்தார். 1974 வரையில் அங்கிருந்தார். அவர் கெடுத்த பிள்ளைகள் 200 பேர் வரை இருக்கலாம் என்பது குற்றச்சாட்டு. காது கேளாத, வாய் பேசாத பிள்ளைகள்! பலருடைய பெற்றோருக்குக் கைப்பாஷை தெரியாது. அந்தப் பாதிரிக்குத் தெரியும். பெரியவர்களான பிறகு அந்தப் பிள்ளைகளில் சிலர் துண்டு நோட்டீசு அச்சடித்துக் கோவில் வாசலில் நின்று கொடுத்தார்கள். கேட்பாரில்லை. ரோமாபுரி வரையில் எழுதியும், அவர் 1998-ல் பாதிரியாகவே செத்தார். 2012-ல் அலெக்ஸ் கிப்னி எடுத்த ஆவணப்படத்தில், கிழவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகள் தங்கள் கைகளால் அந்தக் கதையைச் சொல்லுகிறார்கள். பாஸ்டன் நகரத்தில் இதேவிதமான அக்கிரமத்தை 2002-ல் ஒரு பத்திரிகை வெளியிட்டு, அந்த வருஷமே அவ்வூர்க் கார்டினல் பதவியை விட்டார். அந்தக் கதை 2015-ல் சினிமாவாகவும் வந்தது. போலந்து தேசத்தில் 2019-ல் செகியெல்ஸ்கி சகோதரர்கள் இதே விஷயமாய் எடுத்த ஆவணப்படத்தை இரண்டு கோடிக்கு மேற்பட்ட தடவை ஜனங்கள் பார்த்தார்கள்.

இந்தப் படங்களை எந்தக் கண்ணோட்டத்தோடு பார்க்கச் சொல்லுகிறீர்கள்? "இது சபைக்குக் கெட்ட பெயர்" என்று பார்ப்பதா? "ஐயோ, அந்தப் பிள்ளை" என்று பார்ப்பதா? முதல் பார்வை கிறிஸ்தவக் கண்ணோட்டமானால் அது அந்தப் பிள்ளைக்குச் சத்துரு. இரண்டாவது பார்வைதான் கிறிஸ்தவக் கண்ணோட்டம் என்று சொன்னால், அதற்குக் கிறிஸ்து எதற்கு? தாய்க்கும் தகப்பனுக்கும் இருக்கிற சாதாரண இரக்கமே போதுமே.

"எல்லாக் கிறிஸ்தவரும் அப்படியல்ல, கலையை ரசிக்கிற பாதிரிகளும் உண்டு" என்று சில தோழர்கள் சொல்லுவார்கள். உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. சினிமா பிறந்த நூறாவது வருஷத்தை ஒட்டி 1995-ல் போப்பின் ஆபீசு 45 நல்ல படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் பசோலினி எடுத்த "மத்தேயுவின் சுவிசேஷம்" இருக்கிறது. பசோலினி யார்? நாஸ்திகர், பொதுவுடைமைக்காரர். 1963-ல் வேறொரு படத்துக்காக, மதத்தை அவமதித்தார் என்று ரோமாபுரிக் கோர்ட்டு அவருக்கு நாலு மாதத் தண்டனை விதித்தது. அடுத்த வருஷம் அவர் எடுத்த படத்தை முப்பது வருஷம் கழித்து மதமே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளுகிறது! இதிலிருந்து என்ன தெரிகிறது? மதக் கண்ணாடியைக் கழற்றின ஒருவன் கண்டதைத்தான், மதக்காரரும் கடைசியில் நல்லதென்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று தெரிகிறது.

நம் மாகாணத்துக்கு வருவோம். 2006-ல் "டா வின்ஸி கோட்" என்ற படம் வந்தது. ஏசு கல்யாணம் செய்துகொண்டார், அவருக்குச் சந்ததி உண்டு என்று சொல்லுகிற கற்பனைக் கதை. சென்சார் போர்டு வயது வந்தவர்கள் பார்க்கலாம் என்று சர்டிபிகேட் கொடுத்தது. ஆனால் கிறிஸ்தவர்களின் மனம் புண்படும் என்று தமிழ்நாட்டு சர்க்கார் தடை போட்டது. எந்த சர்க்கார்? பகுத்தறிவின் பெயரைச் சொல்லி மேடை ஏறினவர்களின் சர்க்கார்! பிறகு அதே வருஷத்தில் சென்னை ஹைக்கோர்ட்டுதான் அந்தத் தடையை நீக்க வேண்டியிருந்தது. பிள்ளையாரைக் கேள்வி கேட்கலாம், ஏசுவைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது பகுத்தறிவாகாது, ஓட்டுக்கணக்காகும்.

நாம் கிறிஸ்தவர்கள் மேல் துவேஷம் கொண்டு இதை எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. 1975-ல் "ஜெய் சந்தோஷிமா" படம் ஓடின கொட்டகைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, திரையின் மேல் காசும் பூவும் வீசினவர்கள் எந்த மதம்? 1998-ல் "பயர்" படத்துக்காகப் பம்பாயில் கொட்டகையை உடைத்தவர்கள் எந்த மதம்? மதம் எதுவானாலும் கண்ணாடி ஒன்றுதான். சட்டத்தின் நிறம்தான் வேறு. "நீங்களும் புராணப் படங்களைக் கண்டிக்கவில்லையா?" என்று கேட்டால், கண்டிக்கின்றோம், இன்னும் பலமாய்க் கண்டிப்போம். ஆனால் கண்டிப்பது வேறு, தடுப்பது வேறு. பார்த்துவிட்டு வந்து எங்களோடு வாதாடு என்று நாம் சொல்லுகின்றோம். பார்த்தால் நரகம் என்று அவர்கள் சொல்லுகின்றார்கள்.

ஆகவே தோழர்களே! படம் பார்க்கப் போங்கள்; பிள்ளைகளையும் பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். கதைப்படமானால், இதில் யார் யாரை ஏய்க்கிறான், யார் உழைப்பை யார் தின்கிறான், பெண் மனுஷியாக இருக்கிறாளா பொம்மையாக இருக்கிறாளா என்று கேளுங்கள். ஆவணப்படமானால், இதற்குப் பணம் போட்டவன் யார், சொல்லுவதற்கு ருஜு என்ன, பேச விடாமல் விடப்பட்டவன் யார் என்று கேளுங்கள். நாத்திகன் எடுத்த படமானாலும் இதே கேள்விகளைக் கேளுங்கள். கொட்டகையை விட்டு வந்ததும் டீக்கடையில் உட்கார்ந்து சண்டை போடுங்கள். உங்கள் அபிப்பிராயம் தப்பாகவும் இருக்கலாம். அது உங்களுடையதாக இருந்தால் நாளைக்கு நீங்களே திருத்திக்கொள்ளலாம். பாதிரியிடமும் குருக்களிடமும் முல்லாவிடமும் இரவல் வாங்கின அபிப்பிராயத்தைத் திருத்துவதற்கு உங்களுக்கு உரிமையே கிடையாது. இதை யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுகின்றோம்.